வெளுத்த பெயின்ட், மங்கிய கண்ணாடி, தரை தொடாத சக்கரம்: மாதிரி வண்டிக் கோளாறுகளை வேரிலிருந்து நீக்குவது

பாகங்களாக வரும் பிளாஸ்டிக் கிட்டிலிருந்து மாதிரிக் காரோ லாரியோ கட்டுகிறவர்களுக்குக் கோளாறு பெரும்பாலும் கடைசி நாளில்தான் கண்ணில் படும். ஆனால் அது பிறந்த இடம் இரண்டு, மூன்று படிகள் முன்னால் இருக்கும். டிகாலை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் சின்னப் படலத்தை, சுற்றி வெள்ளை படர்ந்தால் குறை டிகாலில் இல்லை, அதன் கீழேயுள்ள பெயின்டில் இருக்கிறது. பாடி சேசிஸின் (அடிச்சட்டத்தின்) மேல் உட்கார மறுத்தால், உள்ளே இருக்கைகள் அமைந்த தொட்டியை ஒட்டிய நாளில்தான் தவறு நடந்திருக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியில் தொடங்கி, பின்னோக்கிப் போய் வேரைப் பிடிக்கும் முறையில் இதை எழுதுகிறேன். நான் கட்டுவது 1/24, 1/25 அளவுகளில் (அசல் வண்டியின் நீளத்தில் 24-இல், 25-இல் ஒரு பங்கு), கடல் காற்று வீசும் சென்னையில். ஆகவே ஈரத்தைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாக வரும்.

எல்லாக் கோளாறுக்கும் பொதுவாக ஒன்று: பெயின்ட் ஈரமாக இருக்கும்போது எதையும் திருத்த முயலாதீர்கள். தூசி விழட்டும், கொசு ஒட்டட்டும், ஓரத்தில் வழியட்டும்; அப்படியே மூடி வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். காய்ந்த பெயின்டில் தேய்த்துத் திருத்த முடியாத பிழை குறைவு. ஈரப் பெயின்டில் விரல் பட்டால் ஒரு பிழை மூன்றாகும்.

விபூதி பூசியதுபோல் பெயின்ட் வெளுத்துவிட்டது

கறுப்பு அடித்த கார் ஐந்து நிமிடத்துக்குள் சாம்பல் படிந்ததுபோல் ஆகும். கறுப்பிலும் கருநீலத்திலும் உடனே தெரியும். நிறமற்ற மேல்பூச்சான கிளியர் கோட்டில் நடந்தால் பால் கலந்ததுபோல் இருக்கும்.

காரணம் காற்றிலுள்ள நீர். லாக்கர் வகைப் பெயின்டில் உள்ள தின்னர் (கரைப்பான்) வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்று ஏற்கெனவே நீர் சுமந்து நிற்கும். குளிர்ந்த பரப்பில் அந்த நீர் நுண்துளிகளாகப் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் பெயின்டுக்குள் சிக்கிக்கொள்கிறது. ஏசி அறையிலிருந்து எடுத்த பாடியை நேரே பால்கனிக்குக் கொண்டுபோய் அடித்தாலும் இதே கதிதான். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக் கண்ணாடி பனிக்கிறதே, அதுதான் இங்கும் நடக்கிறது. வெளியே வைத்து அரை மணி நேரமாவது பாடி சூடேறிய பிறகே அடிக்க வேண்டும்.

பெயின்டை உரிக்க ஓட வேண்டாம். ஒரு நாள் விடுங்கள். லேசான வெளுப்பு சில சமயம் தானே மறையும். மறையாவிட்டால், ஈரம் குறைந்த ஒரு நாளில், மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் கலந்த லாக்கர் தின்னரை ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தூவும் சிறு கருவி) ஊற்றி மேலோட்டமாக ஒரே ஒரு தூவல் கொடுங்கள். மேல்படலம் இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். நான் முதன்முதலாக இதைச் செய்தபோது பானட்டின் இடது மூலையிலிருந்து கறுப்பு மெல்ல ஊறி வந்து, விண்ட்ஷீல்டின் விளிம்பு வரை பரவியதைக் கண்ணால் பார்த்தேன். அந்த நேரத்தில் கை நிற்காமல் இன்னும் கொஞ்சம் தூவத் தோன்றும். தூவக் கூடாது, தின்னர் அதிகமானால் பெயின்ட் வழிந்துவிடும். ஏர்பிரஷ் இல்லாதவர்கள் வறண்ட நாள் வரை காத்திருந்து அதே நிற ஸ்ப்ரேயில் மெல்லிய ஒரு கோட் அடித்தாலும் பலன் உண்டு.

ஈரப்பதம் காட்டும் சிறு டிஜிட்டல் மானி ஒன்றை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். 70 விழுக்காட்டைத் தாண்டினால் நான் பளபளப்பு லாக்கரைத் தொடுவதில்லை. அன்று இன்ஜினையும் உள்பாகங்களையும் தூரிகையால் தீட்டுவேன். ஸ்ப்ரே அடிக்கும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும், கேஸ் அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது, முகத்தில் தின்னர் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். துணி முகமூடி ஆவியைத் தடுக்காது.

பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல்போல் இருக்கிறது

பெயின்ட் துளிகள் ஒன்றோடொன்று கலந்து சமனாகும் முன்பே காய்ந்துவிட்டன. தூரத்திலிருந்து அடித்திருப்பீர்கள், அல்லது பெயின்ட் கெட்டியாக இருந்திருக்கும், அல்லது அது மே மாதப் பிற்பகலாக இருந்திருக்கும். 15 முதல் 20 செ.மீ. தூரம் சரி. ஒரு வாரம் காயவிட்டு, 2000 எண் உப்புத்தாளைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். பிறகு 3000, பிறகு பாலிஷ் பசை. மேடான விளிம்புகளில், அதாவது கதவோரம், ஃபெண்டர் வளைவு, கூரை ஓரம் ஆகியவற்றில், முதலிலேயே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பெயின்ட் மெல்லியதாகத்தான் நிற்கும். நான்கு தேய்ப்பில் பிளாஸ்டிக் தெரிந்துவிடும்.

கோட் அடுக்கிக்கொண்டே போவதும் தவறு. உண்மையான காரின் பெயின்ட் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், 24-ஆல் வகுத்தால் 0.004 மி.மீ. அவ்வளவு மெல்லியதாக யாராலும் அடிக்க முடியாது. நம் பெயின்ட் எப்போதுமே அளவுக்கு மிஞ்சியதுதான். கதவுக் கோடுகள் பெயின்டில் மூழ்கிப்போவது இதனால்தான். அடிப்பூச்சான ப்ரைமருக்கு முன்பே பிளேடின் பின்முனையால் அந்தக் கோடுகளை நாலைந்து முறை மெல்ல இழுத்து ஆழப்படுத்திவிட்டால் மூழ்காது.

பெயின்ட் வட்ட வட்டமாக விலகிப் பள்ளம் விழுகிறது

எண்ணெய். வார்ப்பு அச்சிலிருந்து பாகம் எளிதில் கழன்றுவர ஆலையில் தடவிய எண்ணெயாக இருக்கலாம், தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் விரல் வழியே வந்திருக்கலாம், சமையலறைத் தாளிப்பின் புகை படிந்திருக்கலாம். அப்போதைக்கு மருந்து கிடையாது. காயவிட்டு, அந்த இடத்தைச் சமமாகத் தேய்த்து, பாத்திரம் கழுவும் சோப்பில் பாடியைக் கழுவி உலர்த்தி, கையுறையோடு பிடித்து மறுபடி அடிக்க வேண்டும்.

வெள்ளை அடித்தேன், இளஞ்சிவப்பாகிவிட்டது

சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு பழைய 1/25 பிக்கப்பை வெள்ளையாக்க நினைத்தேன். ப்ரைமர், அதன்மேல் இரண்டு கோட் வெள்ளை. இரவில் பால்போல் இருந்தது. காலையில் கூரை மட்டும் வெளிறிய இளஞ்சிவப்பு. மூன்றாவது கோட் அடித்தேன். மாலைக்குள் பானட்டும் பஞ்சுமிட்டாய் நிறமாகியிருந்தது. நான்காவது கோட்டுக்குக் கை போனபோதுதான் நிறுத்தி யோசித்தேன்: நான் மூடவில்லை, ஊட்டிக்கொண்டிருக்கிறேன்.

பிளாஸ்டிக்கில் கலந்த சாயம் லாக்கர் தின்னரில் கரைந்து மேலே ஏறுகிறது. ஒவ்வொரு கோட்டும் புதிதாகத் தின்னரைக் கொண்டுவருகிறது; சாயம் இன்னும் ஏறுகிறது. சாம்பல் ப்ரைமர் இதைத் தடுக்காது, அதிலும் அதே தின்னர்தான் இருக்கிறது.

தடுப்பது வெள்ளி நிறப் பெயின்ட். அதிலுள்ள அலுமினியத் துகள்கள் தட்டையானவை. ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, சாயம் ஏறும் வழியை அடைத்துவிடுகின்றன. ஏற்கெனவே கெட்டுப்போன பாடியை ஒரு வாரம் காயவிட்டு, லேசாகத் தேய்த்து, மெல்லிய வெள்ளி கோட் இரண்டு, ஒரு நாள் இடைவெளி, பிறகு வெள்ளை ப்ரைமர், பிறகு வெள்ளை. என் பிக்கப் அப்படித்தான் வெள்ளையானது. இன்றும் வெள்ளையாகவே இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சுப் பிளாஸ்டிக் எது வந்தாலும் பானட்டின் உட்புறத்தில் வெள்ளை அடித்து இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

இரண்டு நிறம் அடிக்கும்போது டேப்பின் அடியில் நிறம் கசிந்தால், டேப் ஒட்டியதும் முதலில் கீழ் நிறத்தையே விளிம்பில் ஒருமுறை தூவுங்கள். கசிவது அதே நிறம் என்பதால் தெரியாது, இடுக்கும் அடைபடும். டேப்போடு பெயின்டே உரிந்து வந்தால் அடியில் ப்ரைமர் பிடிக்கவில்லை என்று பொருள். டேப்பை மேல்நோக்கி இழுக்காமல், தன்மேலேயே மடக்கித் தாழ்வாக இழுத்தால் ஆபத்து குறையும்.

டிகாலைச் சுற்றி வெள்ளி மினுக்கம்

டிகாலுக்கு அடியில் காற்று சிக்கியிருக்கிறது. பளபளப்பில்லாத மேட் பெயின்ட் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடு பள்ளமாக இருக்கும்; அதன்மேல் டிகால் பாலம்போல் நிற்கிறது. ஒளி பட்டதும் அந்தக் காற்று மினுங்குகிறது. கூர்மையான ஊசியால் மினுக்கம் உள்ள இடத்தில் பத்துப் பதினைந்து துளை குத்தி, மைக்ரோ சால், மிஸ்டர் மார்க் சாஃப்டர் போன்ற டிகால் மென்மையாக்கியை ஒரு சொட்டு விடுங்கள். டிகால் சுருங்கிப் புழுவாக நெளியும். பதற வேண்டாம், தொட வேண்டாம். காயும்போது தானே படிந்துவிடும். இதை இரண்டு, மூன்று முறை செய்ய நேரலாம். அடுத்த வண்டியில் டிகாலுக்கு முன் பளபளப்புக் கிளியர் அடித்துவிடுங்கள். மேட் வேண்டுமானால் டிகாலுக்குப் பிறகு அடிக்கலாம்.

பழைய கிட்டின் டிகால் மஞ்சளாகிப் போயிருந்தால் வெயில் படும் ஜன்னலில் உட்புறமாக டேப்பால் ஒட்டி வையுங்கள். சில நாட்களில் மஞ்சள் கணிசமாக வெளுக்கும். நம் ஊர் வெயில் உதவிசெய்யும் அரிய இடம் இது.

கண்ணாடியில் பனி படர்ந்ததுபோல் வெள்ளை

சூப்பர் க்ளூவால் ஒட்டியிருக்கிறீர்கள். அதன் ஆவி காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைத் துகளாகப் படிகிறது. மூடிய பாடிக்குள் வெளியேற வழி இல்லாமல் கண்ணாடியில் போய் ஒட்டுகிறது. உற்றுப் பாருங்கள்: எங்கே உங்கள் விரல் பட்டதோ அங்கே ரேகை தெளிவாகத் தெரியும். காவல்துறைத் தடயவியலில் கைரேகையை வெளிக்கொண்டுவர இதே ஆவியைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணாடி கழன்று வருமானால் எடுத்துவிட்டு, பாலிஷ் பசையால் பருத்தித் துணியில் தேய்த்தால் தெளியும். கழலாவிட்டால் ஜன்னல் வழியே காதுக் குச்சியை விட்டுத் தேய்க்க வேண்டியதுதான். அசிட்டோனை மட்டும் தொடாதீர்கள். கண்ணாடி பிளாஸ்டிக்கே கரைந்து நிரந்தரமாக மங்கிவிடும். நகப்பூச்சு அகற்றியில் இருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

கண்ணாடிக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே போதும். காய்ந்தால் தெளிவாகிவிடும், வழிந்தால் ஈரத் துணியில் துடைத்துவிடலாம். காயச் சில மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

லாரியின் ஒரு சக்கரம் தரையைத் தொடவில்லை

காரை விட லாரியில் இது அதிகம், அதிலும் பத்துச் சக்கர இழுவை லாரியில். இரண்டு நீண்ட சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள் என ஏணிபோல் அமைந்தது லாரி சேசிஸ். ஒரு குறுக்குச் சட்டம் அரை மில்லிமீட்டர் சாய்ந்து ஒட்டினாலும் முழு ஏணியும் முறுக்கிக்கொள்ளும். ஒட்டும்போது தெரியாது. சக்கரம் மாட்டிய பிறகு மேசையில் வைத்தால் ஒரு கால் குட்டையான பெஞ்சுபோல் தட்டுத் தட்டென்று ஆடும்.

முதலில் வேரைக் கண்டுபிடியுங்கள். மேசையை நம்பாதீர்கள்; கனமான கண்ணாடித் தகடோ முகம் பார்க்கும் கண்ணாடியோதான் உண்மையான சமதளம். சக்கரங்களைக் கழற்றி, சேசிஸின் சமமான மேல்புறம் கீழே இருக்கும்படி கவிழ்த்துக் கண்ணாடிமேல் வையுங்கள். இரு மூலைகளை எதிரெதிராக மாற்றி மாற்றி விரலால் அழுத்துங்கள். ஆடினால் சட்டம் முறுக்கியிருக்கிறது. ஆடாவிட்டால் சட்டம் சரி; சக்கரங்களை இணைக்கும் அச்சிலோ (ஆக்சில்) அதைத் தாங்கும் பட்டை வில்லிலோ குறை.

சட்டம் முறுக்கி, இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை என்றால் வெந்நீர் போதும். கிட் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீன் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸில் இளகிவிடும், ஆகவே கொதிநீர் வேண்டாம். 70 டிகிரி அளவில் ஒரு நிமிடம் மூழ்கவைத்து எடுத்து, முறுக்குக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றுக் கூடுதலாகவே திருகிப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் விடுங்கள். ஒரே முறையில் சரியாகாது. மூன்றாவது, நான்காவது முறையில் கண்ணாடியின்மேல் ஓசையின்றி உட்காரும்.

பெயின்ட் அடித்த பிறகு தெரிந்தால், நடுவிலுள்ள ஒன்றிரண்டு குறுக்குச் சட்டங்களின் மூட்டில் மட்டும், பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் கிட் சிமென்ட்டில் மெல்லிய வகையைத் தூரிகை நுனியால் விடுங்கள். சில நிமிடத்தில் மூட்டு இளகும். சேசிஸைக் கண்ணாடிமேல் வைத்து, நான்கு மூலையிலும் எடைக்கல் ஏற்றி, மறுநாள் வரை விட்டுவிடுங்கள். அந்தச் சிறு இடத்தில் பெயின்ட் கெடும், திரும்பத் தீட்டிக்கொள்ளலாம்.

குறை அச்சில் இருந்தால், சக்கரங்களை மாட்டி நிறுத்தி, ஒவ்வொரு டயருக்கு அடியிலும் ஒரு துண்டுத் தாளைச் செருகி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வரும் இடத்தில் பட்டை வில்லுக்கும் அச்சுக்கும் நடுவே 0.25 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டுத் துண்டு ஒன்றைக் கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

டிரெய்லர் நடுவில் தொய்வது வேறு கதை. ஐரோப்பாவில் இழுவை லாரியும் டிரெய்லரும் சேர்ந்து 16.5 மீட்டர் வரை போகலாம். 1/24-இல் அது ஏறக்குறைய 69 செ.மீ. அவ்வளவு நீளத்துக்குப் பிளாஸ்டிக் மட்டும் தாங்காது. சட்டத்தின் உட்பக்கத்தில் 2 மி.மீ. பித்தளைக் கம்பியை நீளவாக்கில் எப்பாக்ஸிப் பசையால் ஒட்டிவிடுங்கள். தொய்ந்த பிறகும் செய்யலாம், நிமிர்த்திப் பிடித்து ஒட்டினால் போதும்.

வேறு கிட்டின் டயர் ரிம்மில் நிற்காமல் சுழல்கிறது

பெட்டியைப் பாருங்கள். அமெரிக்காவின் ஏஎம்டி போன்ற நிறுவனங்களின் கிட்டுகள் பெரும்பாலும் 1/25. ஜப்பானின் டாமியா கார்களும் இத்தாலியின் இத்தாலேரி லாரிகளும் 1/24. ஒன்றுதானே வித்தியாசம் என்று தோன்றும். 22.5 அங்குல லாரி ரிம் 1/24-இல் 23.8 மி.மீ., 1/25-இல் 22.9 மி.மீ. அந்த ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் டயரைச் சுழலவிடுகிறது. ரிம்மின்மேல் மெல்லிய தகட்டுப் பட்டையைச் சுற்றி ஒட்டித் தடிமன் ஏற்றலாம். ஆனால் வெளியே தெரியும் கேபினையும் பானட்டையும் இரு அளவிலிருந்து கலக்காதீர்கள். கண் அதைப் பிடித்துவிடும்.

பத்து வருடம் கழித்து எடுத்தால் ரிம் உருகியிருக்கிறது

கிட்டில் வரும் கறுப்பு வினைல் டயர்களில் அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள் ஒன்று உண்டு. அது மெல்ல வெளியே வந்து பாலிஸ்டைரீனை அரிக்கும். பெட்டிக்குள் கண்ணாடிப் பாகத்தின்மேல் டயர் கிடந்தால் டயரின் பள்ளம் மேடு அப்படியே கண்ணாடியில் அச்சாகிவிடும். உருகிய ரிம்மைத் திருத்த வழியில்லை, மாற்றுத்தான் தேட வேண்டும். கிட் வாங்கிய அன்றே டயர்களைத் தனிப் பையில் போட்டுவிடுங்கள். மாட்டும்போது ரிம்முக்கும் டயருக்கும் நடுவே மெல்லிய அலுமினியத் தாள் ஒரு சுற்று கொடுங்கள்.

குரோம் பாகம் ஒட்ட மறுக்கிறது, அல்லது மூட்டுக்கோடு தெரிகிறது

கிட்டில் குரோம் என்பது வார்னிஷின்மேல் படிந்த அலுமினியப் படலம். சிமென்ட் அதைத் தாண்டிப் பிளாஸ்டிக்கைத் தொடுவதில்லை. ஒட்டும் இடத்தில் மட்டும் பிளேடால் சுரண்டுங்கள். பம்பர் முழுவதும் மூட்டுக்கோடு (வார்ப்பு அச்சின் இரு பாதி சேர்ந்த இடத்தில் விழும் கோடு) இருந்தால் குரோமையே நீக்குவது மேல். வீட்டு ப்ளீச்சிங் திரவத்தில் சிறிது நேரம் ஊறினாலே போய்விடும். கையுறை அணியுங்கள், கழிப்பறை கழுவும் அமிலத்தை அதனோடு எக்காரணம் கொண்டும் கலக்காதீர்கள், குளோரின் வாயு வெளிவரும். பிறகு மூட்டுக்கோட்டைத் தேய்த்து, பளபளப்புக் கறுப்பு அடித்து, அதன்மேல் குரோம் பெயின்ட்.

சொந்தமாகக் கட்டிய லாரிப் பாடி ஒட்டாமல் கழன்று விழுகிறது

நாமக்கல் பட்டறைகளில் கட்டுவதுபோன்ற பாடியைச் சிறிய அளவில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் கையில் கிடைக்கும் பிளாஸ்டிக்கையெல்லாம் வெட்டத் தொடங்குவார்கள். அந்த ஆசையை நான் மனமார வரவேற்கிறேன். பக்கவாட்டுப் பலகையின் கொக்கி, சங்கிலி, பின்கதவில் எழுதும் வாசகம் என அந்த லாரியில் செய்துபார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கிட் சிமென்ட் என்பது பசை இல்லை. இரு பக்கப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கும் கரைப்பான். கரையாத பிளாஸ்டிக்கில் அதற்கு வேலை இல்லை.

ஒரு டம்ளர் தண்ணீர் போதும் சோதிக்க. துண்டை உள்ளே போட்டு, ஒட்டிய காற்றுக் குமிழை விரலால் தட்டி நீக்குங்கள். மிதந்தால் அது பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன். ஹோட்டல் பார்சல் டப்பாக்களில் நிறைய அந்த வகைதான். சிமென்ட், சூப்பர் க்ளூ எதுவும் அதில் நிலைக்காது, பெயின்டும் உரிந்துவரும். மூழ்கினால் ஓரத்தில் ஒரு சொட்டுச் சிமென்ட் விட்டுப் பாருங்கள். அரை நிமிடத்தில் பரப்பு பிசுபிசுத்தால் அது உங்களுக்கு உதவும். பழைய சிடி பெட்டியின் தெளிந்த மூடி பாலிஸ்டைரீன்தான். கேபினின் தட்டைக் கண்ணாடிகளை அதிலிருந்தே வெட்டலாம். வெட்டும்போது விரிசல் ஓடும் என்பதால், பிளேடால் பத்து முறை லேசாகக் கீறி, மேசை விளிம்பில் வைத்து மடக்கி உடையுங்கள்.